ஏழாவது கோரி

ஆஞ்சப்பனை எங்கள் ஊரில் யாரும் வெறும் ஆஞ்சப்பன் என்று சொல்வதில்லை. கேட்டு ஆஞ்சப்பன் என்றால்தான் ஆள் தெரியும். சிப்காட்டில் வண்டிக்குப் பாகம் செய்கிற ஒரு கம்பெனியின் கேட்டில் இருபது வருடத்துக்கு மேலாக செக்யூரிட்டியாக நிற்பவர் என்பதால் வந்த பெயர் அது. வாயைத் திறந்தால் கேள்வி மட்டுமே வருவதால் வந்தது என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. யார், எங்கேயிருந்து, எதுக்கு, பையில் என்ன. கல்யாணப் பத்திரிகை வைக்கப் போன என் வீட்டுக்காரரிடமே இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் நாற்காலியை எடுத்துப் போட்டார்.

சந்தேகம் அவருக்குத் தொழில். தொழில் போக மிச்ச நேரத்தில் பொழுதுபோக்கும் அதுதான். கம்பெனியில் டிபன் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் ஆளை வெளியே விடுவாராம். யாராவது டீ வாங்கிக் கொடுத்தால் குடிக்க மாட்டார். இவன் எதற்கு வாங்கிக் கொடுக்கிறான் என்று யோசிப்பதற்குள் டீ ஆறிப்போகும். கோழியைக் கூண்டில் அடைக்கும்போது எண்ணுவார், காலையில் திறந்துவிடும்போது மறுபடி எண்ணுவார். அவர் மனைவி பூவம்மாள் இதற்கு நேர் எதிர். அவள் பேசிக் கேட்பதே அபூர்வம். அவர்களுக்குக் குழந்தை ஒன்று பிறந்து தங்கவில்லை. அதற்கப்புறம் பிறக்கவும் இல்லை.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்த மனுஷர் மேல் நான் சந்தேகப்பட்டேன் என்று பேசுகிறவர்கள், வரப்புக்கு அந்தப் பக்கம் வருடக்கணக்காக ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றால் இந்தப் பக்கத்தில் இருப்பவள் என்ன செய்வாள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

நான் கல்லாவி ஊர்க்காரி. சென்னப்பனுக்கு வாக்கப்பட்டு பாகலூர்ப் பக்கம் வந்தபோது எனக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. இங்கே வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், ரேஷன் கடையில் தமிழ். மூன்றையும் கலந்துகட்டிப் பேசுவதில் இந்த ஊருக்கு ஈடு கிடையாது. அப்படிக் கலந்து பேசியதில் ஒன்றுதான் இட்டிகெ கோரி. இட்டிகெ என்றால் கன்னடத்தில் செங்கல். கோரி என்றால் சமாதி. ஆஞ்சப்பன் நிலத்தின் மூலையில், புங்க மரத்தடியில் வரிசையாக இருந்த பழைய சமாதிகளுக்கு ஊரே வைத்த பெயர் அது. எப்போதோ செங்கல் சூளையில் வேலை செய்து காய்ச்சலில் செத்தவர்கள் என்று சென்னப்பன் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டேன். அன்றைக்கு அங்கே ஆறு இருந்தன. வரப்பில் நின்று புல் அறுக்கும்போது நானே எண்ணியிருக்கிறேன்.

அந்த நிலம் ஆஞ்சப்பனின் அப்பாவுக்கு அரசாங்கம் கொடுத்தது. பண்ணைகளில் கூலிக்கு உழைத்த மனுஷர் அவர். சமாதி இருக்கிற மேடு யாருக்கும் வேண்டாம் என்று கிடந்ததால்தான் அது அவர் பெயருக்கு வந்தது. அப்பா அந்த மூலையில் ஆட்டைக் கட்டினார். மகன் கைக்கு நிலம் வந்த பிறகு ஆடு அங்கே போகக் கூடாது என்று ஆனது. ஒரு வருடம் சுண்ணாம்பு அடித்தார். இன்னொரு வருடம் கம்பெனியில் கட்டட வேலை நடந்து மிஞ்சிய சிமெண்டைக் கேட்டு வாங்கி வந்து எல்லாவற்றுக்கும் பூச்சு பூசினார். அதற்கடுத்து, தொழிற்சாலைத் தரையில் கோடு போடுகிற மஞ்சள் பெயிண்டால் ஓரம் கட்டினார். பழைய சமாதி என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், அவ்வளவு பளபளப்பு.

மாளய அமாவாசைக்கு இங்கே செத்தவர்களுக்கு இலை போட்டு எடெ, அதாவது படையல், வைப்பது வழக்கம். அவரவர் அவரவர் வீட்டுப் பெரியவர்களுக்கு வைப்பார்கள். இவர் அந்தச் சமாதிகளுக்கும் வைத்தார். கறிக்குழம்பு, பேக்கரி பன், கொஞ்சம் பிராந்தி. கூடவே ஒரு டம்ளர் பால். பிராந்தி குடிக்கிறவனுக்குப் பால் எதற்கு என்று நான் சென்னப்பனைக் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பால் பாம்புக்கு என்றார். புதையல் இருக்கிற இடத்தைப் பாம்புதான் காக்கும் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டதாக நினைத்தேன். சும்மா ஒருவன் கைக்காசைப் போட்டு யாரோ பெயர் தெரியாதவர்களுக்குச் சிமெண்ட் பூசுவானா?

இந்த நேரத்தில்தான் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வந்து சேர்ந்தார். இத்தாலியிலிருந்து வந்தவர். பேச்சு மாற்றிச் சொல்ல பெங்களூர்ப் பெண் ஒருத்தி கூட வந்தாள். அவள் கன்னடத்தில் சொன்னது இதுதான். உலக யுத்தத்தில் இத்தாலிச் சிப்பாய்களை வெள்ளைக்கார அரசாங்கம் ஆப்பிரிக்காவில் பிடித்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்து பெங்களூரில் முகாம் போட்டு அடைத்து வைத்திருந்தது. அதில் ஒரு கூட்டத்தைக் கல் உடைக்க இந்தப் பக்கம் அனுப்பினார்கள். காய்ச்சல் வந்து ஆறு பேர் இங்கேயே போய்விட்டார்கள். அந்த ஆறு பேரில் ஒருவர் இந்தப் பெரியவருக்குத் தாய்மாமன்.

ஆஞ்சப்பன் அவர்களைக் கம்பி வேலிக்கு வெளியே நல்ல வெயிலில் நிறுத்திவிட்டார். அடையாள அட்டை கேட்டார். பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு சின்ன பாட்டிலில் மண் இருந்தது. அதை மோந்து பார்த்தார். சொந்த ஊர் மண், மாமன் சமாதி மேல் போடக் கொண்டுவந்திருக்கிறார் என்று அந்தப் பெண் சொல்லியும் அவர் முகம் தெளியவில்லை. கடைசியில், தானே பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களை உள்ளே அழைத்துப் போனார். நான் எங்கள் பக்கத்தில் பூவுக்கு மருந்து அடிப்பது போல நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தாலியை அந்தப் பெண் கன்னடத்தில் இட்டலி என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நேற்றுவரை இட்டிகெ, இன்றைக்கு இட்டலியா? இது யாரோ உட்கார்ந்து யோசித்துக் கட்டிய கதை என்றுதான் பட்டது. ஆனால் அந்தப் பெரியவர் சமாதிகளின் முன்னால் நடந்துபோய்க் கடைசியில் நின்றுவிட்டார். திரும்ப முதலிலிருந்து எண்ணினார். ஆறு இருக்க வேண்டும், இங்கே ஏழு இருக்கிறதே என்று அந்தப் பெண் கேட்டாள்.

"உங்காளுங்க எண்ணினது தப்பு" என்றார் ஆஞ்சப்பன். "ஏழுதான்."

அன்றைக்குத்தான் நானும் மறுபடி எண்ணினேன். ஏழு. கடைசியில் இருந்தது மற்றதைப் போலவே பூச்சும் மஞ்சள் ஓரமும் போட்டது. புங்க மரத்தின் தாழ்ந்த கிளைகள் அதன் மேல் கவிந்திருந்ததால் இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை. இருட்டில் ஆள் புகுந்தது போல எனக்குத் திக்கென்றது. ஆறாக இருந்தது எப்போது ஏழானது, யார் கட்டினார்கள், உள்ளே என்ன? அந்தப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இத்தனை வருடம் பார்த்துக்கொண்டதற்கு ஆஞ்சப்பனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஆஞ்சப்பன் கையை இழுத்துக்கொண்டு, பிடித்த இடத்தை ஒரு தரம் பார்த்தார்.

சரி, அது அவர்கள் பாடு என்று நான் விட்டிருப்பேன். ரோடு விடவில்லை. புதிதாக வருகிற தொழிற்பூங்காவுக்கு அகல ரோடு போட அளந்து கல் நட்டார்கள். முதல் அளவில் அது ஆஞ்சப்பன் மேட்டின் வழியாகப் போனது. ஊருக்குப் போயிருந்த இத்தாலிக்காரர் சேதி கேள்விப்பட்டுத் தூதரகம் மூலமாகக் கலெக்டர் ஆபீசுக்கு எழுதினாராம். வேறு நாட்டுச் சிப்பாய்களின் சமாதியை இடித்து ரோடு போட முடியாது என்று கல்லைப் பிடுங்கிக் கிழக்கே தள்ளி நட்டார்கள். கிழக்கே இருப்பது எங்கள் பாலிஹவுஸ், பூ வளர்க்கிற பிளாஸ்டிக் குடில்.

அது எப்படி வந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. சிவப்பு ரோஜா. பூ வெட்டிக் கட்டுக்கட்டி பெங்களூர் வண்டிக்கு ஏற்றாமல் எனக்கு ஒரு நாள் விடிந்ததில்லை. பாதிக் குடில் போனால் மீதியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எங்களுக்கு வேறு நிலமும் இல்லை. ஆஞ்சப்பன் மண் தப்பித்தது, எங்கள் மண் மாட்டிக்கொண்டது. இதில் சூது இல்லை என்று யாராவது சொன்னால் அவர்கள் பாலிஹவுஸ் வைத்தவர்களில்லை.

ஆட்சேபனை மனு நான்தான் கொடுத்தேன். சென்னப்பன் சண்டைக்கு லாயக்கில்லாதவர். இது இட்டிகெ கோரி, செங்கல் சூளைக்காரர்கள் சமாதி, இதற்கும் இத்தாலிக்கும் சம்பந்தமில்லை என்று, மனு எழுதித் தருகிறவரிடம் எழுதச் சொன்னேன். நான் வாக்கப்பட்டு வந்தபோது ஆறு இருந்தது, இப்போது ஏழு இருக்கிறது, ஒன்றைப் புதிதாகக் கட்டியவர் மற்றதையும் கட்டியிருக்க மாட்டாரா என்றும் எழுதச் சொன்னேன். எழுதியவரே தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

நில எடுப்புத் தாசில்தார் அருணா இடத்தைப் பார்க்க வந்தார். சின்ன வயசு, நிதானமான ஆள். சர்வேயரும் கடப்பாரையோடு இரண்டு பேரும் கூட வந்தார்கள். சென்னப்பன் குடில் பக்கத்தில் நின்றுகொண்டார். ஆஞ்சப்பன் யூனிபாரத்தோடு நின்றார், டியூட்டிக்குப் போகிற வழியில் வந்தவர் போல. பூவம்மாள் கூட வந்திருந்தாள். அந்த மூலைக்கு அவள் வந்து நான் பார்த்ததே இல்லை. மரத்துக்கு இந்தப் பக்கம், என் பக்கத்தில் வந்து நின்றாள்.

தாசில்தார் முதலில் என் செங்கல் கதையைக் கேட்டார். பூச்சு பூசுவதற்கு முன்னால் சமாதிகள் எப்படி இருந்தன என்றார். வெறும் கல்லை அடுக்கி மண் குழைத்து வைத்தது போல இருந்தது என்றேன், உள்ளதைத்தானே சொல்ல வேண்டும்.

"கல்லுன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப செங்கல் எங்கம்மா?" என்றார்.

நான் சமாதிகளைத் திரும்பிப் பார்த்தேன். செங்கல் கோரி, செங்கல் கோரி என்று ஊரே வாய் ஓயாமல் சொன்னது. அங்கே ஒரு செங்கல் கிடந்து யாரும் பார்த்ததில்லை. இட்டலிக்காரன் சமாதி என்று எவனோ சொன்னதை அடுத்தவன் இட்டிகெ என்று காதில் வாங்கியிருக்கிறான். அதை நாங்கள் மூன்று பாஷையிலும் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தோம். தாசில்தார் சிரித்தது எனக்கு ஆத்திரமாக இருந்தது. விடவில்லை நான். அப்படியானால் ஏழாவது யாருடையது என்று கேட்டேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். அவருக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது. தூதரகக் கணக்கில் ஆறு பேர், இங்கே ஏழு. ஆறை யாரும் தொட முடியாது, ஏழாவதைத் திறக்கலாம். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் எல்லாவற்றையுமே மறுபடி விசாரிக்க வேண்டிவரும், ரோடு பழைய அளவுக்கே போகும். இப்படிப் பொறுமையாகச் சொல்லிவிட்டு, கடப்பாரைக்காரர்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஆஞ்சப்பன் போய் அந்தச் சமாதியின் முன்னால் நின்றுகொண்டார்.

"தெறக்க வேணாங்க" என்றார்.

ஏன் என்று தாசில்தார் கேட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். ஆயுசு முழுக்க ஊரைக் கேள்வி கேட்ட மனுஷர், இரண்டு கேள்விக்குப் பதில் இல்லாமல் பூட்ஸ் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. மாட்டினார் என்று நினைத்தேன். குடில் பிழைத்தது.

அப்போது பூவம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். முகத்தைத் திருப்பாமல், சமாதியைப் பார்த்தபடியே பேசினாள்.

"அது எம்புள்ளக்கா."

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது, எடெயில் வைத்த பால் யாருக்கு என்பதும். பெயர் வைக்காத பிள்ளை போய்விட்டால் இங்கே கல் வைக்க மாட்டார்கள். ஆண்கள் துணியில் சுற்றி எடுத்துப் போய் எங்கேயாவது புதைத்துவிட்டு வருவார்கள். பெற்றவளுக்கு இடத்தைச் சொல்ல மாட்டார்கள். இடம் தெரிந்து அவள் அங்கே போய் அழுதால் அந்தப் பிள்ளை திரும்ப அவள் வயிற்றுக்கு வராது என்பார்கள். பூவம்மாள் குழந்தை ஆஸ்பத்திரியில் தவறியபோது நான் போய்ப் பார்த்தேன். எங்கே புதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. யாரும் கேட்பதில்லை.

"அவுரு சொல்லவே இல்லக்கா. சுண்ணாம்பு அடிச்சாரு பாரு, அப்ப நானா எண்ணிப் பாத்தேன். இது ஒண்ணுக்கு மட்டும் பூசினா ஊரு கேக்கும்னு எல்லாத்துக்கும் பூசிட்டாரு." கடப்பாரைக்காரர்களைப் பார்த்தாள். "கடப்பாரை போட்டா ஒண்ணும் கெடைக்காதுக்கா. எலும்புகூட இருக்காது, அத்தினிதான் இருந்துச்சு."

நீயே போய்ச் சொல்லு, அந்தம்மாவும் பெண்தான், கேட்பார் என்றேன். அவள் பிடியை இறுக்கினாள்.

"எனக்குத் தெரியும்னு அவுருக்குத் தெரியக் கூடாது. நான் எடம் தெரியாம இருக்கேன்னு நெனச்சினுதான் இத்தினி நாளு இருக்காரு. தெரிஞ்சா, அதனாலதான் வேற பொறக்கலன்னு அவுருக்கு ஆயிடும்."

கடப்பாரைக்காரர்கள் ஆஞ்சப்பனை விலகச் சொன்னார்கள். அவர் விலகவில்லை. சர்வேயர் குரலை உயர்த்தினார். கூச்சல் வேண்டாம் என்று தாசில்தார் கையைக் காட்டி நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். மனு கொடுத்தது நீங்கள், பக்கத்து நிலம் உங்களுடையது, அதனால் ஒரு தடவை நேராகச் சொல்லுங்கள் என்றார்.

"நீங்க வாக்கப்பட்டு வந்தப்ப இங்க எத்தனை இருந்துச்சு?"

எங்கள் குடில் அங்கிருந்தே தெரிந்தது. காற்றில் பிளாஸ்டிக் படபடத்தது. உள்ளே அன்றைக்கு வெட்ட வேண்டிய மொட்டு இன்னும் வெட்டாமல் நின்றது. சென்னப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழுங்க" என்றேன்.

மனுவில் ஆறு என்று எழுதியிருக்கிறீர்களே என்றார்.

"தப்பா எண்ணிட்டேங்க. ஒண்ணு மரத்துக்குக் கீழ மறைஞ்சு இருந்துச்சு. நான் வந்தப்பவே ஏழு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பூவம்மாளின் கை என் கையைப் பிடித்திருந்ததைப் பார்த்தார். ஏதாவது புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. பழைய கணக்குகளில் ஒன்று விட்டுப்போவது சகஜம்தான் என்று சர்வேயரிடம் சொல்லிவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார். கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த இரண்டு பேரும் பின்னால் போனார்கள்.

சென்னப்பன் அன்றைக்கு என்னைத் திட்டிய திட்டு கொஞ்சமில்லை. பைத்தியமா உனக்கு, நீயே போட்ட மனுவை நீயே கெடுப்பாயா என்றார். நான் அவரிடமும் காரணத்தைச் சொல்லவில்லை. அவரிடம் சொன்னால் ஊர் கூடுகிற பேக்கரி வரைக்கும் போய்விடும். அழுகை வந்தது, அழுதேன். ரோஜாவுக்காக அழுதேனா, அந்தக் குழந்தைக்காகவா என்று கேட்டால் இரண்டுக்கும்தான்.

சாயங்காலம் ஆஞ்சப்பன் வரப்புக்கு வந்தார். தானாக அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துத் தலைப்பைச் சரி செய்துகொண்டேன்.

"மனு போட்டது நீ. இல்லன்னு சொன்னதும் நீ. எதுக்கு?" என்றார்.

"தப்பா எண்ணிட்டேன்னு சொன்னேனேண்ணா."

"உனுக்கு எண்ணத் தெரியும். ஆறுன்னும் தெரியும்." கண்ணைச் சுருக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார், கேட்டில் நிறுத்திப் பார்ப்பாரே அந்தப் பார்வை. "குடில் போவும்னு தெரிஞ்சே ஒருத்தி சும்மா சொல்லுவாளா? என்னா வேணும் உனுக்கு, இப்பவே சொல்லிடு."

அவருக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியில் பூவம்மாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. தண்ணீர் மட்டும் ஓடியது.

"ஒண்ணும் வேணாம்ணா" என்றேன். அவர் நம்பவில்லை. நம்புகிற ஆளா அவர்?

அடுத்த வாரமே எங்கள் பக்கத்தில் புதுக் கம்பி வேலி போட்டுவிட்டார், நாய் நுழைய முடியாத நெருக்கத்தில். பாலிஹவுஸைப் பிரித்தாயிற்று. இப்போது அங்கே ஜல்லி கொட்டுகிறார்கள். சென்னப்பன் குந்தாரப்பள்ளியில் ஒரு தீவனக் கடைக்கு வேலைக்குப் போகிறார், நான் பக்கத்துக் குடில் ஒன்றில் கூலிக்குப் பூ வெட்டுகிறேன். அந்தப் பக்கமாக நான் நடந்து போனால் ஆஞ்சப்பன் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, நான் கண்ணுக்கு மறைகிறவரை பார்த்துக்கொண்டே நிற்பார். அங்கே புதையல் இருப்பதாக நினைத்துக்கொண்டு நான் பங்கு கேட்கச் சமயம் பார்க்கிறேன் என்று டீக்கடையில் சொல்லியிருக்கிறாராம். சொல்லட்டும். அவர் கண் என் மேல் இருக்கிறவரை பூவம்மாள் பக்கம் திரும்பாது.